பறவை பார்த்து நடந்த ஸலீம் அலி

பம்பாயின் கேத்வாடிப் பகுதியில், மாமா, மாமி, மச்சான், மச்சினி என்று பிள்ளைகள் நிறைந்த ஒரு பெரிய வீட்டில், சிறுவன் ஒருவன் காற்றுத் துப்பாக்கியால் ஊர்க்குருவிகளைச் சுட்டுக்கொண்டு திரிந்தான். விழுந்த குருவியை உயிர் பிரியுமுன் அறுத்துச் சமைத்து உண்பது அவ்வீட்டுப் பிள்ளைகளின் வழக்கம். ஒருநாள் அவன் சுட்ட குருவியின் கழுத்தில், கறிக்குழம்பு பட்டுக் காய்ந்ததுபோல ஒரு மஞ்சள் அடையாளம் இருந்தது. ஊர்க்குருவிக்கு அப்படி மஞ்சள் கழுத்து இல்லையே! இதை ஒரு முஸ்லிம் உண்ணலாமா, ஆகாதா என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குருவியைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனான்.

மாமா அமீருத்தீன் தையப்ஜி வேட்டையில் நாட்டமுள்ளவர். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் அங்கத்தவர். அவருக்கும் அந்தக் குருவி என்னவென்று தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்ளாமல், ஓர் அறிமுகக் கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, சங்கத்தின் செயலாளர் மில்லார்ட் என்ற ஆங்கிலேயரிடம் போய்க் கேட்டுவா என்று அனுப்பிவைத்தார். 1908 ஆம் ஆண்டு அது. ஹலாலா ஹராமா என்று கேட்கப் புறப்பட்ட ஒரு பிள்ளையின் கேள்வியிலிருந்துதான் இந்தியாவின் பறவையியல் வளர்ந்தது என்று சொன்னால் அது மிகையாகாது என்பது என் எண்ணம்.

அந்தச் சிறுவன்தான் ஸலீம் முயிஸுத்தீன் அப்துல் அலி. 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் திகதி, சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றில் பத்தாவது பிள்ளையாக, கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாய் ஸீனத்துன்னிஸாவையும் இழந்தார். தாயின் சகோதரரான அமீருத்தீனும், பிள்ளைப்பேறு இல்லாத அவர் மனைவி ஹமீதா பேகமும் அந்த அநாதைப் பிள்ளைகளைத் தம் சொந்தப் பிள்ளைகளாக வளர்த்தார்கள். மகாத்மா காந்தியுடன் சுதந்திரப் போராட்டத்தில் நின்ற அப்பாஸ் தையப்ஜியும் இவருக்கு இன்னொரு மாமா.

ஆங்கிலேயரைக் கண்டாலே ஒதுங்கிநின்ற காலம். பயந்து பயந்து உள்ளே போன சிறுவனை மில்லார்ட் அன்போடு வரவேற்றார். குருவியைப் பார்த்த உடனேயே அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று இனங்கண்டு சொன்னார். அத்துடன் அனுப்பிவிடவில்லை. அலமாரிகளைத் திறந்து, பஞ்சடைத்துப் பாடஞ்செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். தான் இதுவரை குருவி என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்து வைத்திருந்தவை எத்தனை விதமானவை என்று அந்தப் பிள்ளை அன்றுதான் கண்டது. மில்லார்ட் அவருக்குப் புத்தகங்களை இரவல் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பாதுகாக்கும் முறையைக் கற்றுக்கொள்ளவும் அங்கே வழிசெய்யப்பட்டது. ஒரு பெரியவர் ஒரு பிள்ளைக்காக ஒதுக்கிய சில மணித்தியாலங்கள் அவை. அவ்வளவுதான்.

பாடசாலை விடயத்தில் ஸலீம் அலி நம்மில் பலருக்கு ஆறுதல் தரக்கூடியவர். அவருடைய ஆரம்பப் பள்ளி கிர்காமில் இருந்த ஒரு மிஷன் பெண்கள் பாடசாலை. இரண்டு சகோதரிகளுடன் சேர்த்து அவரையும் அங்கே அனுப்பினார்கள். (பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் இதை எழுதாமல் விடமுடியுமா?) பிறகு சென்ட் சேவியர் பள்ளிக்கு மாறினார். தீராத தலைவலி அவரை வாட்டியது. அடிக்கடி வகுப்புக்குப் போகமுடியாமல் போனது. வறண்ட காற்று நல்லது என்று சிந்து மாகாணத்திலிருந்த உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்து 1913 ஆம் ஆண்டு மெட்ரிகுலேசன் பரீட்சையில் தட்டுத்தடுமாறிச் சித்தியடைந்தார். கணக்கு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. இசட் புள்ளி பார்த்துப் பல்கலைக்கழகம் அனுப்பும் இன்றைய முறையில் அவருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது.

கல்லூரியில் முதலாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட்டுப் பர்மாவின் தவோய் பகுதிக்குப் போனார். குடும்பத்தாருக்கு அங்கே வுல்ஃபிரம் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. சுற்றிலும் காடு. வியாபாரத்தைக் கவனிக்கப் போனவர் காட்டைக் கவனித்தார். தொழில் நட்டத்தில் முடிந்ததில் ஆச்சரியமில்லை. 1917 இல் பம்பாய் திரும்பி, தாவர் வர்த்தகக் கல்லூரியில் வர்த்தகச் சட்டமும் கணக்கியலும் படிக்கச் சேர்ந்தார். சென்ட் சேவியர் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர் அவருடைய உண்மையான நாட்டத்தை அறிந்துகொண்டு விலங்கியலையும் படிக்கத் தூண்டினார். இப்படி ஒரே காலத்தில் பேரேட்டையும் பறவையையும் படித்தார். பட்டம் மட்டும் கடைசிவரை கையில் வரவில்லை.

1918 டிசம்பரில் தூரத்து உறவினரான தெஹ்மினாவுக்கும் அவருக்கும் நிகாஹ் நடந்தது. தெஹ்மினாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவரைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிடுவது நியாயமில்லை.

பறவையியலாளராக வேலை கேட்டு இந்திய விலங்கியல் ஆய்வுத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்தபோது பட்டம் இல்லை என்ற காரணத்தால் இடம் கிடைக்கவில்லை. 1926 இல் பம்பாய் வேல்ஸ் இளவரசர் நூதனசாலையில் புதிதாகத் திறந்த இயற்கை வரலாற்றுப் பகுதியில் ஒரு வேலை கிடைத்தது. வழிகாட்டி விரிவுரையாளர் என்பது பதவியின் பெயர். சம்பளம் மாதம் 350 ரூபா. வருகிற கூட்டத்தை அழைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிகளுக்கு இடையே நடந்து, இது இன்ன பறவை, இது இப்படி வாழ்கிறது என்று விளக்கவேண்டும். பறவையை அறியாதவர்களுக்குப் பறவையைச் சொல்லிக் கொடுக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் கைவந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் எழுதிய நூல்களில், முன்னே ஒரு கூட்டம் நிற்பதை மனத்தில் வைத்துப் பேசுகிற ஒருவரின் பொறுமை தெரிகிறது.

ஆனால் கண்ணாடிப் பெட்டி அவருக்குச் சலித்துவிட்டது. தனக்குப் போதிய பயிற்சி இல்லை என்பதையும் உணர்ந்தார். 1928 இல் விடுமுறை பெற்று ஜேர்மனிக்குப் போய், பேர்லின் விலங்கியல் நூதனசாலையில் எர்வின் ஸ்ட்ரெஸமான் என்ற பேரறிஞரிடம் பயின்றார். பர்மாவில் சேகரிக்கப்பட்ட பறவைகளை ஆராயும் பணி அங்கே அவருக்குக் கிடைத்தது. இப்படியொரு வேலையில் ஓர் இந்தியர் ஈடுபடுவதைப் பொறுக்காத ஆங்கிலேயப் பறவையியலாளரும் அப்போது இருந்தனர். ஸ்ட்ரெஸமான் அந்த நிறபேதம் பார்க்கவில்லை. ஸலீம் அலி அவரைத் தன் குருவாகவே கடைசிவரை மதித்தார்.

1930 இல் பம்பாய்க்குத் திரும்பி வந்து பார்த்தால், பணமில்லை என்று சொல்லி அந்த வழிகாட்டிப் பதவியையே எடுத்துவிட்டார்கள். வயது 33. கையில் வேலை இல்லை, பட்டம் இல்லை. வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்தவர் ஏதாவது ஒரு கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்வதுதான் அக்காலத்துக்குப் புத்திசாலித்தனம். கணவனும் மனைவியும் அப்படிச் செய்யவில்லை. பம்பாய்க்கு எதிரே, கடலுக்கு அப்பால் அலிபாக் பக்கத்திலுள்ள கீஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் குடும்பத்தாருக்கு ஒரு வீடு இருந்தது. செலவைச் சுருக்கிக்கொண்டு அங்கே போய்க் குடியேறினார்கள்.

என்னைக் கேட்டால் ஸலீம் அலியின் வாழ்வில் மிக அழகான பகுதி இதுதான். வேலை போன மனிதர் தினமும் ஒரு மரத்தின் அருகே மறைவிடத்தில் போய் அமர்ந்தார். அந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னிக்கொண்டிருந்தன. தென்மேற்குப் பருவமழையோடு தூக்கணாங்குருவிக்குக் கூடு கட்டும் காலம் வரும். அப்போது ஆணின் தலையும் மார்பும் பளிச்சென்ற மஞ்சளாக மாறும். நாளுக்கு நாள், மணித்தியாலக் கணக்கில் பார்த்தவற்றை அவர் குறித்துக்கொண்டே வந்தார்.

அவர் கண்டது இதுதான். கூட்டைப் பின்னுவது ஆண். ஆனால் முழுக் கூட்டையும் கட்டி முடித்துவிட்டுத் துணையைத் தேடுவதில்லை. பாதி கட்டிய நிலையில், தலைகீழாகத் தொங்கும் ஒரு தொப்பிபோலக் கூடு இருக்கும்போது பெண் குருவிகள் கூட்டமாக வந்து ஒவ்வொன்றாகப் புகுந்து பார்க்கும். இழுத்துப் பார்க்கும், குத்திப் பார்க்கும். பிடித்தால் ஒன்று அங்கேயே தங்கிவிடும். அதன்பிறகுதான் ஆண் மிச்ச வேலையையும் நீண்ட வாசற்குழாயையும் முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் பக்கத்திலேயே அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். அதிலும் பாதியில் வேறொரு பெண் வந்து பார்க்கும். யாருக்கும் பிடிக்காத கூடுகள் பாதியிலேயே தொங்கிக்கிடக்கும். அந்தப் பாதிக் கூடுகளை ஊரார் எல்லாரும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருந்தார்கள். ஆண் தூங்குவதற்கென்று கட்டியது, ஊஞ்சலாடக் கட்டியது என்று கதைகளும் வைத்திருந்தார்கள். உட்கார்ந்து பார்த்தவர் இவர். கீஹிமில் எழுதிய அந்த ஆய்வுதான் வெளியுலகப் பறவையியலாளரிடையே ஸலீம் அலியின் பெயரை நிலைநாட்டியது.

நம் மாகாணத்தில் தூக்கணாங்குருவியைப் பார்க்க வேண்டுமானால் மலையை விட்டிறங்கி எம்பிலிப்பிட்டிய, உடவளவைப் பக்கம் போகவேண்டும். இரத்தினபுரி, கேகாலை மழைப் பிரதேசம் அதற்குச் சரிப்படாது.

அடுத்ததாக அவர் செய்தது நடை. இந்தியாவின் பெரும்பகுதியில் என்னென்ன பறவைகள் எங்கெங்கே, எந்தப் பருவத்தில் இருக்கின்றன என்ற ஒழுங்கான பதிவு அக்காலத்தில் இல்லை. சுதேச சமஸ்தானங்களின் மன்னர்களை அணுகினார். பயணச் செலவை மட்டும் தாருங்கள், என் உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்பது அவருடைய நிபந்தனை. ஹைதராபாத்தில் தொடங்கியது. பிறகு திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் என்று நீண்டது. மாட்டு வண்டி, கூடாரம், சமையற்பாத்திரம் சகிதம் காடுகாடாக அலைந்தார்கள்.

அலைந்தார்கள் என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் தெஹ்மினா. வசதியான வீட்டில் வளர்ந்த பெண். கணவருக்கு நிலையான வருமானம் இல்லாதபோது ஒரு சராசரி உத்தியோகத்தைத் தேடும்படி வற்புறுத்தாமல், உனக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய் என்று கூடவே கிளம்பியவர். கூடாரத்தில் குடும்பம் நடத்தினார். ஸலீம் அலியின் ஆங்கில நடை தெளிவாகவும் இனிமையாகவும் அமைந்ததில் அவருக்குப் பங்குண்டு. பறவையியல் வரலாற்று நூல்கள் கணவரின் பெயரைத்தான் அட்டையில் போடும். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எழுதியவர் அவர்தான். ஆனால் கீஹிமிலும் காட்டிலும் கழிந்த அந்தப் பத்தாண்டுகளைத் தெஹ்மினா இல்லாமல் என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. 1939 இல், ஒரு சிறிய சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் வபாத்தானார். பிள்ளைகள் இல்லை. ஸலீம் அலி உடைந்துபோனார். மறுமணம் செய்யவில்லை. பாந்த்ராவின் பாலி ஹில் பகுதியில் சகோதரி கமூவும் மச்சான் ஹஸன் அலியும் அவரைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

திருவிதாங்கூர், கொச்சிப் பயணங்களைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்லவேண்டும். ஏனெனில் அந்தக் காடுகள் நம் காடுகளுக்குச் சொந்தக்காரர்கள். 1933 இல் பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் முகாமிட்டபோது, தீபகற்ப இந்தியாவில் இவ்வளவு பறவைவளம் வேறெங்கும் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1983 இல் அது பறவைகள் சரணாலயமானது. இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே பகலில் காய்ந்த சருகைப்போலக் கிளையில் ஒட்டி அமர்ந்திருக்கும் தவளைவாயன் என்றொரு பறவை உண்டு. உலகில் அது தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. நம் சிங்கராஜ வனத்தில் வழிகாட்டிகள் விரல் நீட்டிக் காட்டிய பிறகும் அது பறவை என்று நம்புவதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும்.

ஒரு விடயத்தை மறைக்கக்கூடாது. இந்தப் பயணங்களில் அவர் பறவைகளைச் சுட்டார். அக்காலத்தில் ஓர் இனத்தை ஐயமில்லாமல் நிறுவ அதன் உடல் கையில் வேண்டும் என்பது முறை. நூதனசாலை அலமாரிகளில் உள்ளவை எல்லாம் அப்படி வந்தவைதான். பறவைகளை நேசித்த மனிதர் துப்பாக்கி தூக்கியதை முதலில் அறிந்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் இதற்காக வெட்கப்படவுமில்லை, பெருமையடிக்கவுமில்லை. தேவைக்கு மேல் கொல்வதைத்தான் அவர் வெறுத்தார். அவர் சேகரித்த மாதிரிகள் இல்லாவிட்டால் எந்தக் காட்டில் எது இருந்தது, எது அழிந்தது என்று இன்று ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு ஒன்றும் இருந்திராது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நான் வைத்துக்கொள்கிறேன்.

அவருடைய குறிப்புகள் எவ்வளவு நம்பகமானவை என்பதற்கு ஹியூ விஸ்லரின் கதை ஒன்று போதும். விஸ்லர் அக்காலத்து இந்தியப் பறவையியலில் பெரிய பெயர். கரிச்சான் வகைப் பறவையொன்றைப் பற்றி முன்பின் தெரியாத ஸலீம் அலி எழுதிய குறிப்பை அவர் முதலில் மறுத்தார். பிறகு தன்னிடமிருந்த மாதிரிகளை மீண்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, பிழை தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். அன்றுமுதல் இருவரும் நெருங்கிய நண்பர்கள். ஹைதராபாத், திருவிதாங்கூர் அறிக்கைகளில் விஸ்லரின் உதவியும் இருக்கிறது.

1941 இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வண்ணப் படங்கள் நிறைந்த, கையில் எடுத்துக்கொண்டு நடக்கக்கூடிய புத்தகம். அதற்கு முன்னிருந்தவற்றுள் பல அறிஞருக்காக எழுதப்பட்ட தடித்த தொகுதிகள். இவர் எழுதியது காலையில் பூங்காவுக்கு நடக்கப் போகிறவருக்காக. அளவு சொல்லும்போது அங்குலக் கணக்கோடு நிற்கவில்லை. ஊர்க்குருவி அளவு, கொண்டைக்குருவி அளவு, மைனா அளவு, காகம் அளவு, பருந்து அளவு என்று சொன்னார். அதைவிடச் சற்றுப் பெரியதென்றால் ஒரு கூட்டல் குறி, சிறியதென்றால் ஒரு கழித்தல் குறி. அடிகோலைக் கொண்டுபோய் எந்தப் பறவையையும் அளக்கமுடியாது. காகத்தை அறியாதவர் யாரும் இல்லை.

கூட்டமாகப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த முறையின் அருமை தெரியும். எங்கள் ஊர்ப் பூங்காவில் பத்துப் பதினைந்து மாணவிகள் சேர்ந்து நின்று ஒரு மரத்தை அண்ணாந்து பார்த்தால், போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று தாமும் அண்ணாந்து பார்ப்பார்கள். கூட்டத்தில் பைனோகியூலர் இரண்டுதான் இருக்கும். ஆனால் மைனாவை விடச் சிறியது, கொண்டைக்குருவியை விடப் பெரியது, வால் குட்டை என்று ஒருத்தி சொன்னால் மற்றவள் உடனே சரியான கிளையைப் பார்த்துவிடுவாள். செப்டெம்பர், ஒக்டோபரில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்துசேரும். தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக அமரும். கீச்சான் வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து கத்தும். ஆறுமணிக் குருவி விடியலிலும் மஃரிபை அண்டிய நேரத்திலும் தவறாமல் குரல் கொடுக்கும். அதன் தமிழ்ப் பெயருக்குக் காரணமே அந்த நேரம் தவறாமைதான். ஏப்ரல் மாதத்துக்குள் இவை பெரும்பாலும் திரும்பிவிடும். மே மாதத்து மழை தொடங்கிய பிறகு தேயிலை மலையிலும் இறப்பர் காட்டிலும் பார்த்தால் நம்மோடு ஆண்டு முழுதும் இருக்கிற குக்குறுவானும் கொண்டைக்குருவியும் மீன்கொத்தியும் தவிட்டுக் குருவிக் கூட்டமும்தான் மிஞ்சும். ஒரே பூங்காவுக்கு ஒரு தடவை மட்டும் போனவளுக்கு இது தெரிய வழியில்லை. ஸுலைமான் நபியின் ஹுத்ஹுத், அதாவது கொண்டலாத்தி, எங்கள் ஈரமான ஊரில் கிடைக்காது. அதற்கும் உடவளவைப் பக்கம்தான் போகவேண்டும்.

ஸலீம் அலியின் நூல் பலரை இப்படி நடக்கவைத்தது. 1960 ஐ ஒட்டி ஸபர் புத்தேஹல்லி என்பவர் பறவை பார்ப்போருக்கென ஒரு சிறு செய்திமடலைத் தொடங்கினார். தம் ஊரில் கண்டதைச் சாதாரண மக்கள் அதில் எழுதினார்கள். ஸபரின் மனைவி லயீக் புத்தேஹல்லி ஸலீம் அலியின் உறவுக்காரப் பெண். இருவரும் சேர்ந்து பொதுவான பறவைகளைப் பற்றி ஓர் எளிய நூலையும் எழுதினார்கள். அதே காலத்தில் ராஞ்சிப் பக்கத்துக் காடுகளில் தனியே பறவைகளைக் கவனித்து எழுதிய ஜமால் ஆரா என்ற முஸ்லிம் பெண்மணியையும் இங்கே நினைக்கவேண்டும். சிறுவர்களுக்காக அவர் எழுதிய பறவை நூல் 1970 இல் வெளியானது. அவரும் பல்கலைக்கழகம் போனவரல்லர். நம் நாட்டிலும் 1976 இல் பேராசிரியர் சரத் கொட்டகம கொழும்புப் பல்கலைக்கழகத்தில் களப் பறவையியல் குழுவை ஆரம்பித்தார். மாணவரையும் பொதுமக்களையும் களத்துக்கு அழைத்துப்போகும் வேலை அதன்வழி இங்கேயும் பரவியது.

சுதந்திரத்துக்குப் பின் ஸலீம் அலிக்கு வேறொரு சோதனை. ஆங்கிலேயர் போய்விட்டதால், 1883 இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பணமின்றி மூடப்படும் நிலைக்கு வந்தது. மில்லார்ட் தன்னை வரவேற்ற அந்த இடம் அழிவதை அவர் விடவில்லை. பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றுச் சங்கத்தைக் காப்பாற்றினார்.

ராஜஸ்தானின் பரத்பூர் ஏரிக்கும் அவர் காவலாக நின்றார். அது மன்னர்களின் வாத்து வேட்டைக் களம். 1938 இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் நாலாயிரத்துக்கும் அதிகமான பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் நீரை வடித்து வயலாக்கவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. பசித்த விவசாயியின் கோரிக்கை அது. எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. ஸலீம் அலி அரசிடம் வாதாடி ஏரியைக் காத்தார். அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் இலக்கமிட்ட வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலையையும் நடத்தினார். பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சைபீரியாவில் கிடைத்தன. குளிருக்கு அஞ்சி வந்தவை எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு இப்படி மறுமொழி வரத்தொடங்கியது. பரத்பூர் பின்னர் தேசியப் பூங்காவானது. 1985 இல் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைக்கட்டிலிருந்து காத்த போராட்டத்திலும் அவருடைய குரல் இருந்தது.

இவ்வளவையும் படிப்பவர்கள் அவரைத் தாடி வைத்த கடுமையான முனிவராக எண்ணிவிடக்கூடாது. மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். தவோயில் தொடங்கிய பைத்தியம் அது. 1950 இல் சுவீடனின் உப்சாலா நகரில் நடந்த உலகப் பறவையியல் மாநாட்டுக்குத் தன் சன்பீம் மோட்டார் சைக்கிளைக் கப்பலில் கொண்டுபோய், ஐரோப்பா முழுவதும் ஓட்டித் திரிந்தார். இந்தியாவிலிருந்தே ஓட்டிவந்துவிட்டார் என்று மாநாட்டில் பேச்சு எழுந்ததாம். வயது அப்போது 53! குறட்டை விடுகிறவர்களை மட்டும் முகாமில் அவரால் பொறுக்கவே முடியாது.

அமெரிக்கரான டில்லன் ரிப்லியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதி நூல் 1968 முதல் 1974 வரை வெளிவந்தது. இந்தியா, பாகிஸ்தான் என்று பெயரில் முதலில் வந்தாலும் பங்களாதேஷ், நேபாளம், பூட்டான், இலங்கைப் பறவைகளும் அதில் அடக்கம். நம் தோட்டங்களில் கத்துகிற குக்குறுவானும், சிங்கராஜவில் கூட்டத்தோடு திரியும் செவ்வலகுத் தவிட்டுக் குருவியும் அங்கே இருக்கின்றன. முதல் தொகுதி வந்தபோது ஸலீம் அலிக்கு எழுபது தாண்டியிருந்தது.

1958 இல் பத்ம பூஷண், 1976 இல் பத்ம விபூஷண், பிரித்தானியப் பறவையியலாளர் சங்கத்தின் தங்கப் பதக்கம், மூன்று பல்கலைக்கழகங்களின் கௌரவக் கலாநிதிப் பட்டங்கள் என்று பட்டமில்லாதவரைத் தேடிப் பட்டங்கள் வந்தன. 1976 இல் கிடைத்த கெட்டி விருதின் 50,000 டொலரை வைத்து இயற்கைப் பாதுகாப்புக்கு ஒரு நிதியம் அமைத்தார். 1985 இல் ராஜ்யசபை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அவ்வாண்டில் சுயசரிதையும் வெளிவந்தது. தலைப்பில் பெரிய கழுகோ மயிலோ இல்லை, ஒரு குருவியின் வீழ்ச்சிதான். 1987 இல், 90 வயதில், பம்பாயில் காலமானார். கோயம்புத்தூர் அருகே ஆனைகட்டியில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு நிலையம் 1990 இல் தொடங்கப்பட்டது.

அவருடைய பெயரைத் தாங்கியவற்றில் எனக்கு மிகப் பிடித்தது பறவையே அல்ல. தேனி மாவட்டத்து மேகமலையில் தேயிலைத் தோட்டத் துரையாக இருந்த அங்கஸ் ஹட்டன் என்பவர் 1948 இல் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய்ச் சங்கத்துக்கு அனுப்பினார். சாதாரண வௌவால் என்று எண்ணி அலமாரியில் வைத்துவிட்டார்கள். இருபது வருடங்களுக்கும் மேலாகக் கிடந்த அதைத் தாய்லாந்து அறிஞர் கிட்டி தோங்லோங்யா எடுத்துப் பார்த்து, இது இதுவரை அறியாத இனம் என்று கண்டு, 1972 இல் ஸலீம் அலியின் பெயரைச் சூட்டினார்.

அந்தப் பத்துத் தொகுதிகளில் இல்லாத ஒரு பறவை நம் மாகாணத்தில் இருந்தது. 1995 இல் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட என்னும் பறவையியலாளர் ஒரு மெல்லிய ஆந்தைக் குரலைக் கேட்டார். அறிந்த எந்த ஆந்தையின் குரலும் அதற்குப் பொருந்தவில்லை. குரலுக்குரிய பறவையைக் காண 2001 ஜனவரிவரை, ஆறு வருடங்கள், இரவு இரவாக அவர் நடக்கவேண்டியிருந்தது. கடைசியில் சிங்கராஜ வனத்தில் டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்தது, செம்பழுப்பு நிறத்தில், காதுக் கொண்டை இல்லாத ஒரு சின்னஞ்சிறு ஆந்தை. 2004 இல் அதை உலகுக்கு அறிவித்தபோது, ஒரு நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவையினம் அதுவாக இருந்தது. அளவு, மைனாவை விடச் சிறியது. ஸலீம் அலியின் முறைப்படி எழுதினால், மைனா, பக்கத்தில் ஒரு கழித்தல் குறி.